பாட்டுப் பெட்டி: பார்க்காத ஊருக்கு ஒரு பாட்டு

போன மாதம் நான் எழுதிய ஒரே ஒரு வரிக்கு இந்த மாதம் கத்தையாகக் கடிதங்கள். "அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் தன் சொந்த மண்ணான மேற்கு வர்ஜினியாவை நினைத்து உருகிய ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’" என்று எழுதியிருந்தேன். தப்பு. அவசரத்தில் எழுதிய தப்பு என்றுகூடச் சொல்லித் தப்பிக்க முடியாது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த காலத்திலிருந்து நாற்பது வருஷமாக நம்பி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த தப்பு. ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒரு பாட்டின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

கேள்வி: மகன் வீட்டுக்கு மேரிலாந்து வந்திருக்கிறேன். தினமும் காலையில் கிளாப்பர் ரோடு என்ற சாலையோரம் நடக்கிறேன். "அப்பா, அந்தக் கன்ட்ரி ரோட்ஸ் பாட்டு பிறந்தது இந்த ரோட்டில்தான்" என்கிறான் மகன். நீங்கள் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்களே, யார் சொல்வது சரி? (ஜெர்மன்டவுனிலிருந்து ஒரு மதுரைக்காரர்)

உங்கள் மகன் சொல்வதுதான் சரி சார். டென்வர் மேற்கு வர்ஜினியாக்காரர் இல்லை. 1943-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல்லில் பிறந்தவர். அப்பா விமானப்படையில் இருந்ததால் மாற்றல் மாற்றலாக ஊர் ஊராக வளர்ந்தவர். டென்வர் என்பது அவர் வீட்டுப் பெயரும் இல்லை. இயற்பெயர் ஹென்றி ஜான் டாய்ச்செண்டார்ஃப். அதை இசைத்தட்டு உறையில் அச்சடித்தால் படத்துக்கு இடம் இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ, கொலராடோவின் தலைநகர் பெயரைச் சூட்டிக்கொண்டார். பெயரே இரவல் ஊர்.

பாட்டுக்கு விதை போட்டது அவரும் இல்லை. பில் டேனாஃப், டாஃபி நிவர்ட் என்ற ஜோடி. ‘ஃபேட் சிட்டி’ என்ற பெயரில் வாஷிங்டன் கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தவர்கள். 1970-ல் டாஃபியின் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடும் விசேஷத்துக்கு கெய்தர்ஸ்பர்க் பக்கம் காரில் போகிறார்கள். போன வழி நீங்கள் நடக்கும் அதே கிளாப்பர் ரோடு. இப்போது அங்கே சிக்னலும் அபார்ட்மென்ட்டும்தான் உங்கள் கண்ணில் படும். அன்றைக்கு அது மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சின்ன ரோடு. பொழுது போவதற்காக டேனாஃப் ரோட்டைப் பற்றியே ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். அதுதான் இது.

அப்படியானால் மேரிலாந்து ரோட்டுப் பாட்டுக்குள் மேற்கு வர்ஜினியா எப்படி வந்தது? இங்கேதான் நம் ஊர் சினிமாப் பாட்டு விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு புன்னகை வரும். மெட்டு வந்துவிட்டது, வார்த்தை உட்கார வேண்டும். டேனாஃப் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்காரர். முதலில் தன் மாநிலத்தையே போட்டுப் பார்க்க நினைத்தார். மா-ச-சூ-செட்ஸ், நாலு அசை. வெஸ்ட்-வர்-ஜின்-யா, அதுவும் நாலு அசை. இரண்டும் தாளத்தில் உட்காரும். ஆனால் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், முதலாவது பல்லில் இடிக்கிறது, இரண்டாவது நீண்டு போய் ‘யா’வில் வாய் திறந்து முடிகிறது. பல்லவியின் உச்சத்தில் மூச்சு விட அந்த ‘யா’ வேண்டும். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததில் பாதி வேலை சந்தத்தினுடையது.

மீதிப் பாதி ரேடியோ. மேற்கு வர்ஜினியாவின் வீலிங் நகரத்திலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.ஏ. என்று ஒரு மீடியம் வேவ் நிலையம், 50,000 வாட் சக்தி. 1933-லிருந்து ‘ஜாம்போரி’ என்ற கிராமியப் பாட்டு நிகழ்ச்சியை அது நடத்திவந்தது. மீடியம் வேவ் அலைக்கு ஒரு குணம் உண்டு. பகலில் பக்கத்து ஜில்லாவோடு நின்றுவிடும், இருட்டியதும் வானத்தில் பட்டுத் திரும்பி பல நூறு மைல் தள்ளி இறங்கும். ஸ்ப்ரிங்ஃபீல்டில் சிறுவனாக இருந்த டேனாஃப் ராத்திரிகளில் அந்த நிலையத்தைக் கேட்டு வளர்ந்திருக்கிறார். அந்தப் பாட்டு எழுதிய நாளில் அவர் மேற்கு வர்ஜினியாவில் கால் வைத்ததில்லை. டாஃபியும்தான். இத்தனைக்கும் கிளாப்பர் ரோட்டிலிருந்து அந்த மாநில எல்லைக்குக் காரில் ஒரு மணி நேரம்தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு மர்ஃபி ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். இன்றுவரை கொழும்பைப் பார்த்ததில்லை. ஆனால் கொழும்பு என்று யாராவது சொன்னால், மழை பெய்து முடிந்த ஒரு ராத்திரியும் ஒரு அறிவிப்பாளர் குரலும் சேர்ந்து ஒரு ஊர் எனக்குள் எழுந்து நிற்கும். அதைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் தயங்காமல் எழுதிவிடுவேன்.

சரி, பாட்டு டென்வர் கைக்குப் போன கதை. ஜோடிக்கு இதை ஜானி கேஷிடம் விற்க ஆசை. அன்றைய கன்ட்ரி இசையில் அவர்தான் பெரிய கை. அதற்குள் 1970 டிசம்பர் கடைசியில் வாஷிங்டன் ஜார்ஜ்டவுனில் ‘செல்லர் டோர்’ என்ற சின்ன கிளப்பில் டென்வருக்குக் கச்சேரி, அவருக்கு முன்னால் பாடியது ஃபேட் சிட்டி. 29-ஆம் தேதி கச்சேரி முடிந்து எல்லோரும் டேனாஃப் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். வழியில் டென்வர் வந்த கார் விபத்தில் சிக்கி அவர் கட்டைவிரல் உடைகிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, தூக்கம் கலைந்துபோய் நேராக நண்பர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கிடார்க்காரனுக்கு விரல் உடைந்தால் நாமாக இருந்தால் படுத்திருப்போம். அவர்கள் அரைகுறையாக இருந்த இந்தப் பாட்டைப் பாடிக் காட்ட, இவர் பிடித்துக்கொண்டார். விடியற்காலை 6 மணி வரை மூன்று பேரும் உட்கார்ந்து முடித்தார்கள்.

மறுநாள் 30-ஆம் தேதி, அதே கிளப். வார்த்தை மனப்பாடம் ஆகாததால் காகிதத்தைப் பார்த்துப் பாடினார்கள். கைதட்டல் ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. அடுத்த மாதமே நியூயார்க்கில் பதிவு. 1971 ஏப்ரலில் இசைத்தட்டு. முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 2-ஆம் இடம். முதல் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பீ ஜீஸ் சகோதரர்கள்.

கேள்வி: 34 வருடம் பூகோளம் நடத்தியவன். பாட்டில் வரும் ப்ளூ ரிட்ஜ் மலையும் ஷெனண்டோவா ஆறும் வரைபடத்தில் பெரும்பாலும் வர்ஜினியாவில் இருக்கின்றன, மேற்கு வர்ஜினியாவில் இல்லை. பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன். (தென்காசி வாசகர்)

அரை மார்க்காவது போடுங்கள் ஐயா. மாநிலத்தின் கிழக்கு மூலையில் ஒரு வால் மாதிரி நீண்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற சிற்றூர் தெரியும். 1859-ல் அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் ஆயுதக் கிடங்கைத் தாக்கினாரே, அதே ஊர். அங்கேதான் ஷெனண்டோவா வந்து பொட்டோமாக் ஆற்றில் கலக்கிறது, அங்கேதான் ப்ளூ ரிட்ஜ் ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகிறது. ஆக, பாட்டு சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் மாநிலத்தின் முதுகெலும்பு அலிகெனி மலைகள்தான், பாட்டில் அது பேச்சுக்குக்கூட இல்லை.

அமெரிக்காவிலேயே இதை வைத்து ஒரு கேலி உண்டு: இந்தப் பாட்டு ‘மேற்கு வர்ஜினியா’வைப் பற்றியது இல்லை, ‘வர்ஜினியாவின் மேற்கு’ப் பகுதியைப் பற்றியது என்று. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு உள்நாட்டுப் போரே இருக்கிறது. அடிமை மாநிலங்களோடு சேர்ந்து வர்ஜினியா பிரிந்து போனபோது, அதன் மேற்கு மலைப்பகுதிக்காரர்கள் "நாங்கள் வரவில்லை" என்று தனியாக நின்று 1863-ல் 35-ஆவது மாநிலமானார்கள். மலைக்காரர்களிடம் போய் "நீங்களும் வர்ஜினியாதானே" என்று கேட்டுவிடாதீர்கள்.

என் அனுமானம் இதுதான்: எழுதியவர்கள் ஊரைப் பார்க்கவில்லை, அட்லஸைப் பார்த்திருப்பார்கள், அல்லது காதுக்கு இனிமையான பெயரை எடுத்திருப்பார்கள். ஷெனண்டோவா என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஆறு ஓடுவது கேட்கிறதா இல்லையா?

கேள்வி: பாட்டில் நிலா வெளிச்சத்தின் சுவை என்று ஒரு வரி வருகிறதே, கண்ணில் நீர் வருகிறது என்றும் பாடுகிறார். என்ன அழகான கவிதை! (கோவை, கல்லூரி மாணவர்)

தம்பி, உங்கள் ரசனையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். ‘மூன்ஷைன்’ என்றால் அங்கே கள்ளச் சாராயம். அப்பலாச்சியன் மலைகளில் மக்காச்சோளத்தை ஊறப்போட்டு, வரி அதிகாரிகள் கண்ணில் படாமல் ராத்திரியில் காய்ச்சியதால் வந்த பெயர். கண்ணில் நீர் வருவது எதனால் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் எனக்கும் ஒரு கதை உண்டு. 1983 என்று ஞாபகம். கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு முடித்து வந்த ஒரு பையன், இந்தப் பாட்டு இருந்த கேசட்டைக் கொண்டுவந்து ஆறு காப்பி போடச் சொன்னான். ஹாஸ்டலில் எல்லோருக்கும் வேண்டுமாம், ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களாம். எனக்கு இளையராஜா பாட்டுப் பதிவு மலைபோலக் குவிந்திருந்த நேரம். கன்ட்ரி என்றால் அப்போது மதுரையில் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான், அது பாட்டிலில் வருவது. உறையில் ‘நாட்டுச் சரக்கு ரோடு’ என்று விளையாட்டாக எழுதிக் கொடுத்தேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டுக்குள் நிஜமாகவே சரக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தபோது கடையை மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

கேள்வி: என் மகன் கம்ப்யூட்டர் கேம் ஆடும்போது இந்தப் பாட்டு கேட்கிறது. 1971 பாட்டு அதற்குள் எப்படிப் போனது? (சென்னை, குரோம்பேட்டை வாசகி)

அது ‘ஃபால்அவுட் 76’ ஆக இருக்கும் அம்மா. 2018-ல் வந்தது. அணுகுண்டுப் போருக்குப் பிறகு பாழாய்ப் போன மேற்கு வர்ஜினியாவில் நடக்கிற விளையாட்டு. அதன் விளம்பரத்துக்காக இந்தப் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார்கள்.

ஆனால் இதைவிட வேடிக்கையான பயணங்கள் இந்தப் பாட்டுக்கு உண்டு. ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழு ரெகே தாளத்தில் பாடியபோது மேற்கு வர்ஜினியாவை எடுத்துவிட்டு ‘மேற்கு ஜமைக்கா’ என்று மாற்றிக்கொண்டது. ஹவாயின் இஸ்ரேல் காமகவிவோஓலே 1993-ல் தன் ஊர்ப் பக்கத்து ‘மேற்கு மாகஹா’வைப் போட்டார். அசை சரியாக இருந்தால் எந்த ஊரும் உட்காரும், மாசச்சூசெட்ஸ் கதையேதான்.

எனக்குப் பிடித்தது ஜப்பான். 1995-ல் கிப்லி ஸ்டூடியோ எடுத்த ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ கார்ட்டூன் படம் முழுக்க இந்தப் பாட்டைச் சுற்றித்தான். டோக்கியோ ஓரத்தில் வாழும் ஒரு பள்ளிக்கூடப் பெண் இதை ஜப்பானியில் மொழிபெயர்க்கிறாள். எழுத எழுத, தனக்குச் ‘சொந்த ஊர்’ என்று ஒன்று இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. காடெல்லாம் வெட்டி குடியிருப்பு கட்டிய இடம் அது. கேலியாக இன்னொன்றும் எழுதுகிறாள், ‘கான்கிரீட் ரோடு’ என்று. மகனோடு உட்கார்ந்து பாருங்கள், துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் ஒரு சாயந்திரம் கிடைக்கும்.

கேள்வி: வெளியூர்க்காரர்கள், ஊரைப் பார்க்காமலே எழுதிய பாட்டு. அந்த ஊர் மக்களுக்குக் கோபம் வரவில்லையா? (காரைக்குடி வாசகர்)

கோபமா? அரசு கீதமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஏன் என்று புரிய அந்த ஊரின் நிலைமை கொஞ்சம் தெரிய வேண்டும்.

மேற்கு வர்ஜினியா என்றால் நிலக்கரி. 1907-ல் மோனங்கா என்ற ஊரில் நடந்த சுரங்க வெடிப்பில் அரசுக் கணக்குப்படியே 362 பேர் செத்தார்கள். அமெரிக்கச் சுரங்க விபத்துகளில் அதுதான் இன்றுவரை பெரியது. 1940-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரி வெட்டினார்கள். அப்புறம் இயந்திரம் வந்தது. பத்துப் பேர் வேலையை இயந்திரமும் ஓட்டுபவனும் செய்ய, மலைக் கிராமங்கள் காலியாக ஆரம்பித்தன. ஓஹையோவின் டயர் கம்பெனிகளுக்கும் டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஓஹையோவில் இருக்கும் ஆக்ரன் நகரத்தை ‘மேற்கு வர்ஜினியாவின் தலைநகர்’ என்று கிண்டல் செய்யும் அளவுக்கு. 1950-ல் மாநில மக்கள்தொகை 20 லட்சம். 2020-ல் 18 லட்சத்துக்கும் கீழே. இந்த எழுபது வருஷத்தில் ஜனத்தொகை குறைந்த அமெரிக்க மாநிலம் இது ஒன்றுதான்.

இப்போது பாட்டை மறுபடி கேளுங்கள். அதில் பாடுகிறவன் ஊரில் இல்லை. காரில் போய்க்கொண்டிருக்கிறான், காலையில் ஒரு குரல் கூப்பிடுகிறது, ரேடியோ வீட்டை ஞாபகப்படுத்துகிறது, நேற்றே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. சுரங்கத் தொழிலாளியின் பெண் ஒருத்தியும் வருகிறாள். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடித்து ஆக்ரனிலிருந்து மலைக்குக் கார் ஓட்டிய ஆயிரக்கணக்கான பேருக்கு எழுதியவர் எந்த ஊர் என்று விசாரிக்க நேரம் இருந்திருக்காது. அவர்கள் நிலைமை அதில் இருந்தது. மானாமதுரை, பரமக்குடி பக்கமிருந்து பிழைக்கப் போய், பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், ஷெனண்டோவா எங்கே ஓடுகிறது என்று அவர்களும் கவலைப்பட மாட்டார்கள்.

மோர்கன்டவுனில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1972-லிருந்தே உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் இதை வாசிக்கிறார்கள். 1980 செப்டம்பர் 6-ஆம் தேதி புது ஸ்டேடியம் திறப்பு. டென்வரே நேரில் வந்து மைதானத்தில் நின்று பாட, சுமார் 50,000 பேர் கூடவே பாடினார்கள். இன்றைக்கும் உள்ளூர் அணி ஜெயித்தால் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள், வீரர்களும் பார்வையாளர்களும் நின்று இதைப் பாடிவிட்டுத்தான் நகர்வார்கள். தோற்றால் கிடையாது.

சட்டமன்றம்தான் தாமதம். ஏற்கெனவே மூன்று மாநிலப் பாட்டுகள் இருந்தன. 2014 மார்ச்சில் நாலாவதாக இதைச் சேர்த்தார்கள். அந்த மூன்றின் பெயரையும் மற்ற மாநிலத்துக்காரர்கள் சொல்வார்களா என்பது சந்தேகம். சுற்றுலாத் துறை இப்போது பாட்டின் முதல் இரண்டு வார்த்தைகளையே விளம்பர வாசகமாக வைத்திருக்கிறது. கிட்டத்தட்ட சொர்க்கம் என்று அர்த்தம். அந்த ‘கிட்டத்தட்ட’தான் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. முழுச் சொர்க்கம் என்று எழுதியிருந்தால் கரி வெட்டுகிறவன் நம்பியிருக்க மாட்டான்.

கேள்வி: பாட்டை ஆரம்பித்துவைத்த ஜோடி என்ன ஆனார்கள்? பணமாவது கிடைத்ததா? (திருச்சி வாசகி)

பாட்டில் மூன்று பேர் பெயரும் உண்டு, இசைத்தட்டிலும் ‘ஃபேட் சிட்டியுடன் ஜான் டென்வர்’ என்றே போட்டார்கள். அந்த விஷயத்தில் நம் ஊரைவிட மேல். பிறகு ஜோடி இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ‘ஸ்டார்லேண்ட் வோக்கல் பேண்ட்’ என்று ஆரம்பித்தார்கள். டென்வருடன் எட்டிப் பிடிக்க முடியாத முதல் இடத்தை 1976-ல் ‘ஆஃப்டர்நூன் டிலைட்’ பாட்டில் பிடித்தார்கள், சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதும் வந்தது. அடுத்து அந்த உயரத்துக்கு ஒன்றும் வரவில்லை. குழு கலைந்தது, கல்யாணமும் முறிந்தது.

கேள்வி: டென்வருக்குத் தன் சொந்த மாநிலம் என்று ஒரு பாட்டாவது உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பிறந்த நியூ மெக்சிகோவைக் கேட்கிறீர்களா, பெயர் கொடுத்த கொலராடோவையா? கொலராடோவுக்கு உண்டு. ‘ராக்கி மவுன்டன் ஹை’, 1972. அங்கேயே குடியேறி, மலையில் கூடாரம் போட்டு எரிகற்கள் விழுவதைப் பார்த்துவிட்டு எழுதியது, ஆகவே இதில் பூகோள வாத்தியார்கள் குறை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதற்கு வேறு தொல்லை வந்தது. ‘ஹை’ என்றால் போதை என்று சில ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்பத் தயங்கின. 1985-ல் பாட்டு வரிகளுக்கு எச்சரிக்கை முத்திரை குத்துவது பற்றி அமெரிக்க செனட் விசாரணை நடத்தியபோது டென்வர் அங்கே போய், அது மலையுச்சியின் மகிழ்ச்சி, போதை இல்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கள்ளச் சாராயம் பாடிய பாட்டை யாரும் கேட்கவில்லை, மலை பாடிய பாட்டுக்கு விசாரணை!

1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரை அருகே தானே ஓட்டிப்போன சிறு விமானம் விழுந்து இறந்தார். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2007-ல் கொலராடோ அந்தப் பாட்டைத் தன் இரண்டாவது மாநிலப் பாட்டாக அறிவித்தது.

கொடைக்கானல் பையன் இப்போது எங்கேயோ தாத்தாவாகியிருப்பான். ஆறு காப்பியில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள மறந்துவிட்டுப் போனான். அது இன்னும் என் வீட்டுப் பரணில், ‘நாட்டுச் சரக்கு ரோடு’ என்ற என் கையெழுத்தோடு கிடக்கிறது. வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன்.